பன்னுக்கு அடியில் ஒரு சுழி

ஆயிரத்து இருநூற்று எண்பது பாக்கி. டப்பா அம்மா எங்கள் பேக்கரிக்குத் தரவேண்டியது அவ்வளவு. கடை அவரை நம்பிக் கொடுத்ததல்ல, நான் நம்பிக் கொடுத்தது.

டப்பா அம்மா என்பது நாங்கள் வைத்த பெயர். விடிந்த கையோடு கடையின் பின்வாசலுக்கு வருவார். கையில் மூடி போட்ட ஒரு தகர டப்பா இருக்கும். "கடைப் பை வேண்டாம்ண்ணே, இதுலயே போடுங்க" என்பார். ஆறு பன் போடுவேன். அதன்மேல் ஒரு துணியைப் போர்த்தி, தூங்குகிற குழந்தையைத் தூக்கிப் போகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு போவார். ஆரம்பத்தில் கைமேல் காசு. அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். அதற்கப்புறம் "சேத்துத் தரேண்ணே" என்றார். முன்வாசல் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியைக் கேட்காமல் நானே தலையாட்டிவிட்டேன். தலை என்னுடையதுதானே, அதற்கு என்ன செலவு என்று நினைத்தேன்.

முதலாளி மாதக் கடைசியில் மாவையும் தட்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு பன்கூடத் தப்பாது. என்னைக் கூப்பிட்டார்.

"எலி தின்னுச்சுன்னு சொல்லிடாதே. ஆயிரத்து இருநூத்து எண்பதுக்குத் தின்ன எலி இந்நேரம் ஆட்டுக்குட்டி கணக்கா இருக்கணும். நானும் தேடிப் பாத்துட்டேன், இல்ல."

உள்ளதைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து, நான் மாவு பிசைகிற மேசைக்கு மேலே இருந்த கரிபிடித்த தூணில், நான் நிமிர்ந்தால் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து, அந்தத் தொகையைப் பெரிதாக எழுதினார்.

"கடை சாத்தறதுக்குள்ள இந்தக் காசு என் கைக்கு வரணும். வரலைன்னா நாளையிலிருந்து மேசைக்கு வேற ஆள். நீ பழையபடி சாக்குத் தூக்கப் போயிடு. கை அவ்வளவு தாராளமா இருக்கறவனுக்கு முதுகும் தாராளமாத்தான் இருக்கும்."

என் முதுகைப் பற்றி அவருக்கும் தெரியும். பாதி ஆயுசு மாவு மூட்டை சுமந்து தேய்ந்த முதுகு அது. காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நேராக்குவேன். சாக்கிலிருந்து மேசைக்கு வர எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. திரும்பிப் போனால் ஒரு மழைக்காலம் தாங்கமாட்டேன்.

மதியத் தட்டுகளை அடுப்பிலிருந்து இறக்கியதும் அப்படியே கிளம்பினேன். துணி மாற்ற நேரமில்லை. மாற்றுத் துணியும் இல்லை. வெள்ளை பனியன், வெள்ளையாகிப்போன அரைக்கால் சட்டை, முழங்கை வரைக்கும் காய்ந்த மாவு. தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் மாவு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற சந்தில் பச்சை கேட் வீடு என்று டப்பா அம்மா எப்போதோ சொன்ன ஞாபகம். தேடிக் கண்டுபிடித்துத் தட்டினேன்.

திறந்தவர் அவர் வீட்டுக்காரர். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அதை யாரும் சொல்லத் தேவையில்லாதபடி, என் முகத்தைப் பார்க்காமல் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒன்பது நாள் லேட்டு" என்றார்.

"ஐயா, பாக்கி விஷயமா..."

"பாக்கியா? வேலையே தொடங்கல, அதுக்குள்ள பாக்கி. என் மச்சான் கையில ஆயிரம் அட்வான்ஸ் குடுத்தனுப்பினேனே, அது எங்க?"

"நான் அந்த ஆள் இல்லீங்க."

"எந்த ஆள் இல்ல? உடம்பு பூரா சுண்ணாம்பு. என் வேலைய விட்டுட்டு வேற எவன் வீட்டுக்கோ வெள்ளையடிச்சுட்டு வரே. அதக் கழுவிட்டு வரணும்னுகூடத் தோணல. போகட்டும், அந்த மட்டும் நேர்மை இருக்கு. உள்ள வா."

இல்லை, நான் பேக்கரிக்காரன், உங்கள் சம்சாரம் பன்னுக்குக் காசு தரவேண்டும் என்று சொல்ல வாய் திறந்தேன். அப்போதுதான் அவர் தோளுக்குப் பின்னால், சமையலறை வாசலில் டப்பா அம்மா தெரிந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்திலும் மாவு பூசிய மாதிரி ஆகிவிட்டது. விரலை உதட்டில் வைத்தார். பிறகு அதே விரலால் கழுத்தில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

கடன் சொல்கிறவர்கள் கெஞ்சி எத்தனையோ பார்த்திருக்கிறேன். சத்தமே இல்லாமல் இப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன். மூடியதோடு பெயிண்டர் ஆகிவிட்டேன்.

கூடத்துச் சுவர்தான் வேலை. அலமாரி நின்ற இடம் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. அதற்கு மேலே மழைத்தண்ணீர் இறங்கி, படுத்திருக்கிற நாய் மாதிரி ஒரு கறை. பாக்கி இடமெல்லாம் ஆணி பிடுங்கிய ஓட்டைகள். பழைய காலண்டர்கள் அத்தனைக்கும் தனித்தனி ஆணி அடித்திருப்பார் போலிருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை டிப்போ ஆளுங்க வராங்க" என்றார் டைம் கீப்பர். "இந்தச் சுவர் முன்னாடி உக்கார வெச்சா என் மானம் போயிடும். சாமான் எல்லாம் நானே வாங்கி வெச்சுட்டேன். நீ கையை ஆட்டினாப் போதும்."

பிரஷ் இருந்தது. வெண்ணெய் நிறத்தில் ஒரு வாளி பெயிண்ட் இருந்தது. ஓட்டை அடைக்கிற பட்டி மாவு ஒரு பையில் இருந்தது. பையைத் திருப்பி, அச்சடித்திருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாற்பது வயதுக்கு மேல், மைதா மூட்டையில் போட்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து எழுத்துப் பழகியவன் நான். செய்தித்தாள் இன்றைக்கும் தடுமாறும். மூட்டை என்றால் தடங்கல் இல்லாமல் வாசிப்பேன்.

'மூன்று பங்கு மாவுக்கு ஒரு பங்கு தண்ணீர்' என்று போட்டிருந்தது. எனக்கு உயிர் வந்தது. இது நமக்குத் தெரிந்த பாஷை.

ஒரு பலகையை எடுத்துப் போட்டு, மாவைக் கொட்டி, நடுவில் குழி பறித்துத் தண்ணீர் ஊற்றினேன். ஓரத்திலிருந்து உள்ளே தள்ளித் தள்ளி, உள்ளங்கை அடியால் அழுத்திப் பிசைந்தேன். மடித்தேன், திருப்பினேன், மறுபடி அழுத்தினேன். கை தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. உருட்டி வைத்து, ஈரத்துணியை எடுத்து மூடினேன்.

டைம் கீப்பர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"முன்னாடி வந்தவனெல்லாம் டப்பாவில குச்சி போட்டுத்தான் கலக்குவான்."

"அது பழைய முறைங்க."

"துணி எதுக்கு?"

"கொஞ்சம் ஊறணும்."

"எவ்வளவு நேரம்?"

"அதுக்கே தெரியும்ங்க" என்றேன். மாவைப் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்கிற பதில் அது. அவர் மரியாதையாகக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார்.

தண்ணீர் வாங்குகிற சாக்கில் சமையலறைக்குள் போனேன். டப்பா அம்மா குழாயைத் திறந்துவிட்டார், சத்தத்துக்கு.

"அண்ணே, உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம்."

"கோயில் அப்புறம் கட்டிக்கலாம்மா. முதல்ல காசு. சாயங்காலத்துக்குள்ள குடுக்கலைன்னா முதலாளி என்னை மூட்டை தூக்க அனுப்பிடுவார்."

"அங்க பாருங்க" என்று மூலையைக் காட்டினார்.

ஒரு ஓவன். நல்ல பெரியது, கண்ணாடிக் கதவு, பளபளவென்று திருகுகள். கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே வெங்காயம், ஒரு டார்ச் லைட், கரண்ட் பில்கள்.

"ரெண்டு வருஷம் நச்சரிச்சு வாங்கினேன். ஓய்வுப் பணத்துலேர்ந்து வாங்கித் தந்தார். முதல் நாள் போட்டது செங்கல் மாதிரி வந்துது. ரெண்டாம் நாள் புகை. பக்கத்து வீட்டுக்காரங்க வாளியோட வந்துட்டாங்க. இவ்வளவு காசைக் கொட்டி இதுக்கா வாங்கினேன்னு அவர் வாய் திறந்து கேக்கல. அதான் எனக்குத் தாங்கல. மூணாம் நாள் உங்க கிட்ட வந்து வாங்கி, தட்டுல வெச்சுக் குடுத்துட்டேன்."

"அப்புறம்?"

"கண்ண மூடிக்கிட்டுத் தின்னார். இதுக்காக ரெண்டு ஓவன் வாங்கலாம்டீன்னார். அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிண்ணே சொல்றது? ஒரு நாளோட முடிஞ்சுடும்னு பாத்தேன். தெரு பூரா சொல்லிட்டார். இப்ப டிப்போவே வருது."

"எல்லாம் சரி. காசு?"

"காய்கறிக் காசுல மிச்சம் பிடிச்சு முழுசும் சேத்து வெச்சிருந்தேண்ணே. என் தம்பி வந்தான். அவசரம், நாளைக்குத் தரேன்னான்."

"எப்ப வாங்கினார்?"

"போன வாரம்."

குழாயை மூடிவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினேன். வேறு என்ன செய்வது?

பட்டி நன்றாக ஊறியிருந்தது. கிள்ளி எடுத்துச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டினேன். ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து, ஒரு திருகு. பிறகு அடுத்த ஓட்டை. இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பன்னுக்கு உருண்டை பிடிக்கும்போது ஓரங்களையெல்லாம் இழுத்து அடியில் சேர்த்து இப்படித்தான் அழுத்தித் திருகி மூடுவோம். வெந்த பிறகு பன்னைத் திருப்பினால் அடியில் ஒரு சுழி தெரியும். என் வலது கட்டைவிரல் சாக்குக் கொக்கியில் மாட்டிக் கோணிப்போனது. அதனால் என் சுழிக்கு மட்டும் ஒரு வால் இருக்கும், கூட்டை விட்டு நத்தை எட்டிப் பார்க்கிற மாதிரி. எழுதத் தெரியாத காலத்தில் சம்பளம் வாங்கக் கைநாட்டு வைத்ததும் அதே விரல்தான்.

பாதிச் சுவர் முடிந்தபோது டைம் கீப்பர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"டீ டைம். உக்காருய்யா. உனக்கு இன்னிக்கு அதிர்ஷ்டம்."

டப்பா அம்மா தட்டோடு வந்தார். தட்டில் நான் காலையில் போட்ட பன். இடது பக்கம் லேசாகக் கருகியிருப்பதைப் பார்த்ததும் எந்தத் தட்டில் எந்த வரிசை என்றுகூடத் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டுப் பந்தியில் பார்க்கிற மாதிரி இருந்தது.

டைம் கீப்பர் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். டிப்போவில் முப்பது வருடம் டிக்கெட்டையும் சீட்டையும் திருப்பிப் பின்பக்கம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கை. எதையும் திருப்பிப் பார்க்காமல் அவர் வாயில் வைப்பதில்லை.

"பாத்தியா, அடியில ஒரு சுழி. வாலோட. இது என் வீட்டுக்காரி கைமுத்திரை. ஓவன்ல ஒண்ணும் இல்லய்யா, கையில இருக்கு விஷயம்."

"தெரியுதுங்க" என்றேன். டப்பா அம்மா சுவரில் இருந்த நாய்க் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முனையில ஒரு பேக்கரி இருக்கே, தெரியுமா?"

"அந்தப் பக்கம் போயிருக்கேன்."

"நாலு வருஷம் முன்னாடி அங்க ஒரு பன் வாங்கினேன். செருப்புக்கு அடியில வெச்சுத் தைக்கலாம். அன்னிக்கு விட்டவன்தான், அதுக்கப்புறம் அந்தக் கடைப் பன்னைக் கையால தொடல."

நாலு வருடம் முன்னால் மேசையில் வேறு ஆள். நான் அப்போது மூட்டையில் இருந்தேன். அதைச் சொல்லத் துடித்த நாக்கைப் பன்னால் அடைத்தேன்.

"அங்க போடறவரு கையில அப்படி என்னங்க குறை?"

"கையில குறையே இருக்காது. அவன் சம்பளத்துக்குப் போடறான். இவ பாசத்துக்குப் போடறா. வாயில வெச்சதும் தெரியுதா இல்லையா?"

எனக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஒருத்தர் என்னை மட்டம் தட்டுகிறாரா தலையில் தூக்கி வைக்கிறாரா என்று தெரியாமல் நான் பன் தின்றது அன்றைக்குத்தான்.

"தெரியுதுங்க" என்றேன் மறுபடி.

டீக்குப் பிறகு பெயிண்ட். பன்னுக்கு மேலே பால் தடவுகிற மாதிரி, அழுத்தாமல், ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போனேன். கீழ்ப்பாதி மோசமில்லை. மேல்பாதிக்கு ஸ்டூல் மேல் ஏறவேண்டும். ஒரு கால் வைத்ததுமே முதுகு வேண்டாம் என்று சொன்னது. அந்த நேரத்தில்தான் டப்பா அம்மாவின் தம்பி வந்தார்.

அவருக்கு அந்த வீட்டில் 'நாளைக்கு' என்று பெயர். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாராம். மடிப்புக் கலையாத சட்டை, வாசனைத் தைலம், அக்கா வீட்டில் டீ நேரம் எது என்று தெரிந்த நடை. கூடத்துக்குள் வந்தவர் என்னையும் பிரஷ்ஷையும் பார்த்து, வீட்டில் பேயைப் பார்த்த மாதிரி நின்றுவிட்டார்.

"வா மச்சான்" என்றார் டைம் கீப்பர். "உன் பெயிண்டரத் திட்டிக்கிட்டே இருந்தேன். ஆள் தேவலை. லேட்டு, ஆனா வேலை சுத்தம். எங்க பிடிச்ச?"

"அது... தெரிஞ்சவரு அத்தான்" என்றார் நாளைக்கு. நெற்றியெல்லாம் வியர்வை.

டைம் கீப்பர் வாசல் விளக்கைப் பார்க்கப் போனதும் என்னிடம் குனிந்தார்.

"யாருய்யா நீ?"

"நீங்க அனுப்பின பெயிண்டர்."

"நான் யாரையும் அனுப்பலையே."

"அது எனக்கும் தெரியும். ஐயாவுக்குத்தான் தெரியாது. அந்த ஆயிரம் எங்க?"

நாளைக்கு சுற்றுமுற்றும் பார்த்தார். "செலவாயிடுச்சு. நாளைக்கு..."

"அக்கா குடுத்தது?"

"அதுவும்தான். நீ அக்காவுக்கு என்ன வேணும்?"

"அத விடுங்க. ஐயாவைக் கூப்பிட்டு, இவரு அனுப்பின ஆள் நான் இல்லைன்னு சொல்லட்டுமா, இல்ல அந்த ஸ்டூல் மேல ஏறறீங்களா?"

அவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். பெயிண்ட் வேலையில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம், அவருக்குத் தெரிந்தது அதிலும் கொஞ்சம். பிரஷ்ஷில் எடுத்ததில் பாதி சுவருக்குப் போனது, பாதி அவர் தைலம் தேய்த்த தலைக்குப் போனது. ஆனாலும் படுத்திருந்த நாய் மெதுவாக மறைந்தது. டைம் கீப்பர் திரும்பி வந்து, மைத்துனர் ஸ்டூல் மேல் நிற்பதைப் பார்த்தார்.

"உனக்கு வேலை செய்யக்கூட வருமா மச்சான்?"

"பெரியவரு முதுகு வலிக்குதுன்னாரு, அத்தான். பாவமா இருந்தது."

டப்பா அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெளிச்சம் இறங்கியபோது வேலை முடிந்தது. நான் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தேன். டைம் கீப்பர் கூடத்து விளக்கைப் போட்டார். பக்கச் சுவரில் இருக்கிற குழல் விளக்கு. வெளிச்சம் சுவரின்மேல் பக்கவாட்டில் படர்ந்தது. மீதி இருந்த ஒரு பன்னைக் கையில் வைத்துக்கொண்டு சுவரை ரசித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போலப் பன்னைத் திருப்பினார். வாயருகே கொண்டுபோன கை நின்றது.

சுவரைப் பார்த்தார். பன்னைப் பார்த்தார். கிட்டே போய், மூக்கு இடிக்கிற தூரத்தில் மறுபடி சுவரைப் பார்த்தார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். அடைத்த ஓட்டை ஒவ்வொன்றும், பெயிண்டுக்கு அடியில் லேசாகப் புடைத்து, அந்தப் பக்க வெளிச்சத்தில் நிழல் போட்டுக்கொண்டிருந்தது. சுவர் நெடுக நத்தைகள். எல்லாவற்றுக்கும் வால்.

ஆயிரத்து இருநூற்று எண்பது போச்சு. மேசை போச்சு. அந்த அம்மா குட்டும் உடைந்தது. எல்லாம் ஒரு கோணல் விரலால்.

டைம் கீப்பர் என் பக்கம் திரும்பி என் வலது கையைப் பிடித்துக் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம். குரலைத் தணித்துக்கொண்டார்.

"தினமும் விடியறதுக்குள்ள ஒரு டப்பாவை எடுத்துக்கிட்டுப் போறா. எங்கன்னு நான் கேட்டதில்ல. வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திக்கிட்டு, தட்டு முட்டுன்னு சத்தம் பண்ணுவா. கொஞ்ச நேரம் கழிச்சு, சூட்டுல மூஞ்சி சிவந்த மாதிரி துடைச்சுக்கிட்டே தட்டோட வருவா." கையில் இருந்த பன்னை மறுபடி திருப்பிப் பார்த்தார். "ஓவன் சூடே இருந்திருக்காது. நான் தொட்டுப் பாத்திருக்கணும். டிக்கெட்டுன்னா திருப்பிப் பாத்திருப்பேன்."

"ஐயா, அம்மா மேல..."

"எந்த அம்மா? எனக்கு ஒண்ணும் தெரியாது. புரியுதா?"

"புரியுதுங்க."

"உனக்கு வரவேண்டியது எவ்வளவு?"

பெயிண்ட் கூலிக்கு மீதி எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. வரவேண்டியது என்றுதான் கேட்டார்.

"ஆயிரத்து இருநூத்து எண்பதுங்க."

உதடு அசைய மனக்கணக்குப் போட்டார். "தினம் ஆறு... ம்... வருது. ஏறக்குறைய வருது." உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்து எண்ணிக் கொடுத்தார். அதற்கு மேல் தனியாக இன்னும் கொஞ்சம் நோட்டை வைத்தார்.

"இது எதுக்குங்க?"

"ஞாயித்துக்கிழமை காலைல நாப்பது. டப்பா கொஞ்சம் பெருசா வரும், கண்டுக்காதே."

"சரிங்க."

"அப்புறம், செருப்புன்னு சொன்னேனே, அது வாபஸ். ஆனா இடது பக்கம் கருகுது."

"அடுப்புல இடது மூலை சூடு ஜாஸ்திங்க. தட்டைத் திருப்பி வைக்கறேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து தலையைத் துடைத்துக்கொண்டிருந்த மைத்துனரைப் பார்த்தார்.

"மச்சான், ரெண்டாவது கோட்டு எப்ப?"

நாளைக்கு என்னைப் பார்த்தார். நான் கையில் இருந்த பிரஷ்ஷை அவரிடம் நீட்டினேன்.

"என்னை ஏன் அத்தான் கேக்கறீங்க? பெயிண்டரக் கேளுங்க."

"அட்வான்ஸ் யாரு கையில இருக்கோ அவருதானே பெயிண்டர்" என்றார் டைம் கீப்பர்.

நாளைக்கு பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார். பிறகு, "நாளைக்கு வரேன்" என்றார். அந்த வார்த்தையை அவர் பயந்து சொல்லி அந்த வீடு அன்றைக்குத்தான் கேட்டிருக்கும்.

கேட்டைத் தாண்டும்போது டப்பா அம்மா பின்னாலேயே ஓடி வந்தார். கையில் ஒரு சுருக்குப் பை. பிரித்து என்னிடம் காட்டினார், சில்லறை.

"இவ்வளவுதாண்ணே இருக்கு. மீதிய இந்த வாரத்துக்குள்ள எப்படியாவது... உங்க முதலாளிக்கிட்ட நானே வந்து சொல்லட்டுமா?"

"வேணாம்மா. பாக்கி தீந்துடுச்சு."

"எப்படி?"

"சுவரோட சரியாப்போச்சு."

அவருக்குப் புரியவில்லை. கண் கலங்கிவிட்டது. சுருக்குப் பையை மூடிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, "அண்ணே, ஞாயித்துக்கிழமை நாப்பது வேணும். அதுக்குக் காசு..." என்று இழுத்தார்.

"டப்பா பெருசா கொண்டாங்க" என்றேன்.

கடைக்குத் திரும்பியபோது ஷட்டரை இறக்கக் கொக்கியை எடுத்துவிட்டார்கள். வெண்ணெய் நிறப் பெயிண்ட் என் பனியனிலும் தலையிலும் முழங்கையிலும். மாவு இருந்த இடமெல்லாம் இப்போது அதுதான். முன்வாசல் வழியாக நுழைந்தேன்.

"இங்க பெயிண்ட் வேலை எதுவும் இல்லப்பா" என்றார் முதலாளி, கல்லாவிலிருந்து தலை தூக்காமல்.

பணத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். மேல் நோட்டில் வெண்ணெய் நிறத்தில் என் கட்டைவிரல் பதிந்திருந்தது. அந்த விரலைப் பார்த்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"எங்கய்யா விழுந்த?"

"பாக்கி வசூலுக்குப் போனேங்க."

இரண்டு தடவை எண்ணினார். நாற்பது பன்னுக்கான பணத்தைத் தனியாக வைத்துச் சொன்னேன். அதையும் எண்ணினார். எழுந்து உள்ளே வந்து, மேசைக்கு மேலே தூணில் எழுதியிருந்ததைப் பார்த்தார். துடைக்கத் துணி தேடினார்; கிடைக்கவில்லை. தன் சட்டைக் கையாலேயே ஒரு இழுப்பு இழுத்தார். ஆயிரத்து இருநூற்று எண்பது அழிந்தது.

"கைய நல்லாத் தேச்சுக் கழுவு. ராத்திரி மாவு ஊறிக்கிட்டு இருக்கு" என்றார்.

பிறந்ததிலிருந்து மாவைத் தொடாத மனிதர் அவர். முழங்கை வரைக்கும் வெள்ளையாகிப்போன சட்டையோடு கல்லாவுக்குத் திரும்பினார். பாதி இறங்கிய ஷட்டருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ குனிந்து எட்டிப் பார்த்து, "மாஸ்டர், ஒரு நாலு பன் இருக்குமா?" என்று அவரைக் கேட்டார்கள்.